பொருத்தமான டிரைவர் கிடைக்கவில்லை

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நாற்பது நிமிஷம் நின்று
கொள்முதல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன்.
நெல் வந்து ஒன்பது நாளாகியிருந்தது.

வேலை சின்னது.
ஜாவாவில் எழுதிய பழைய பதிவேடு
மேசைக்கடியில் உறுமும் பெட்டிக்குள்ளேயே
இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தது.
இனி மும்பையில் எங்கோ
குளிரூட்டிய அறையிலிருக்கும் தரவுதளத்தில் எழுத வேண்டும்.
மேகம் என்கிறார்கள் அதை.
ஐப்பசி நாலாம் தேதி
களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம்
அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை.

முகவரி, கதவு எண், பெயர், கடவுச்சொல்
எல்லாம் கொடுத்து ஓடவிட்டேன்.
சிவப்பில் ஒரு வரி:
பொருத்தமான டிரைவர் கிடைக்கவில்லை.

வாய்விட்டுப் படித்திருக்கிறேன் போல.
"காலையிலேர்ந்து இங்கதான நிக்கிறேன்" என்றார்
ஜன்னல் கம்பிக்கு வெளியே சகாயராஜ்.
பத்துச் சக்கர லாரி.
கணினி ரசீது இல்லாமல் கிடங்கில் இறக்க விடமாட்டார்கள்.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விளக்கப் பார்த்தேன்.
ஜாவாவுக்கு அந்த ஊர்ப் பேச்சு தெரியாது.
நடுவில் ஒரு சின்னக் கோப்பு
இது சொல்வதை அதற்குப் புரிகிற மாதிரி கொண்டுபோய்
அது கொடுப்பதை இதற்குப் புரிகிற மாதிரி வாங்கிவரும்.
அதுக்கும் பேரு டிரைவர்தான் அண்ணே.
"புரோக்கர்னு சொல்லுங்க."
கமிஷன் எடுக்காது.
பட்டியல் எழுத்தர் வைரக்கண்ணு
எதற்கோ இருமினார்.

கோப்பு வட்டில்தான் இருந்தது.
எங்கே தேட வேண்டுமென்று நிரலுக்கு
யாரும் சொல்லியிருக்கவில்லை.
சொன்னேன்.

அடுத்தது மௌனம்.
முப்பது விநாடி. நேரம் கடந்துவிட்டது என்றது.
மறுபடி முப்பது.
அந்தப் பக்கத்துக் காவல்
தெரிந்த எண்ணிலிருந்து வந்தால்தான் திறக்கும்.
எங்கள் டாங்கிளின் எண்ணோ
கரண்ட் போய் வரும்போதெல்லாம் மாறுகிறது.
(ஆற்றையும் மதகையும் இங்கே உவமையாக வைக்கலாம்.
வைக்கவில்லை.
இந்த ஊரில் அது உவமை இல்லை,
ஆடி மாசத்துச் சண்டை.)
சென்னையில் இருக்கும் இளவேனிலை
மூன்று முறை அழைத்து
மூன்று எண்களைப் படித்துக் காட்டினேன்.
"இனி கரண்ட் போகாமப் பாத்துக்க" என்றாள்,
நான்தான் மின்வாரியம் என்பதுபோல.

நாலரைக்கு இணைந்தது.
முதல் வரி எழுதினோம்:
செங்கமலம், ஐந்து மா, குத்தகை,
எழுபத்தாறு சிப்பம்,
ஈரப்பதம் பதினாறு புள்ளி எட்டு.
மும்பை வாங்கிக்கொண்டது.
திருப்பிக் கேட்டேன்.
எழுபத்தாறு வந்தது. பதினாறு புள்ளி எட்டு வந்தது.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில்

?????????

செங்கமலம் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.
எழுத்துக் கூட்டிப் படிப்பவர்.
"இதுல நான் எங்க?"

"கணக்கு சரியா இருக்குல்ல மேடம்,
பேர விடுங்க, இருட்டிக்கிட்டு வருது."
வைரக்கண்ணு சொன்னதும் சரிதான்.
பணம் கணக்கு எண்ணுக்குத்தான் போகும்,
பெயருக்குப் போகாது.

இணைப்பு வரியின் கடைசியில்
எழுத்தை எப்படிச் சுமக்க வேண்டுமென்று
டிரைவருக்கு ஒரு சொல் சேர்த்தேன்.
அட்டவணைக்கும் அதையே சொன்னேன்.
கேள்விக்குறியாய்ப் போன பெயர்
பெயராய்த் திரும்பாது.
அந்த வரியை அழித்து மறுபடி எழுதினேன்.

வந்தது. கொம்பு, புள்ளி எல்லாத்தோடும்.
அவர் திரையை விரலால் அழுத்திப் பார்த்தார்,
சாக்கு வாயில் தையல் நிற்கிறதா என்று பார்ப்பவர்போல.

தார்ப்பாய் முடிச்சிடும்போதே தூறல்.
"கேட்டு போட்டிருப்பான்" என்று
யாரையோ திட்டிக்கொண்டே சகாயராஜ் வண்டியைக் கிளப்பினார்.

இணைப்பை மூடும் வரியை
நான் இன்னும் எழுதவில்லை.
எழுத வேண்டும், திறந்தே விட்டால் அங்கே கூட்டம் சேர்ந்துவிடும்.
நூற்றுப் பதினான்கு பேர் வெளியே நிற்கிறார்கள்.
சொல்லுங்க,
பேர் என்ன?